சிறிய இல்லமும் பொருள் வரையறையும்



ஊர்ப்புறத்துப் பெரிய வீடுகளில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர் இன்று நகரத்துச் சிறிய வீடுகளில் வாழ்கின்றனர். வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களிலிருந்து கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்தோர்க்கு, ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையலறை என்னும் அளவிலேயே பெரும்பாலும் வீடு அமைகின்றது. "பொருள் வைக்க இடமில்லை" என்னும் சொல் அவ்வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கின்றது. இச்சொல் எவ்வளவு உண்மை என்பதையும், இருக்கும் இடத்தை ஒழுங்குபெற அமைத்துக்கொள்ளும் முறைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

1. எம் வீட்டுப் பரண்

முதற்கண் எம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளத்தில் எம் வீடு உள்ளது. 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெய்த பெருமழையில் சமையலறைப் பரணின் பின்சுவர் ஈரம் பிடித்தது. அப்பரணில் என்னென்ன உள்ளன என்பது எமக்கே நினைவில் இல்லை. ஆதலின் திறந்து பாராமல் விட்டுவிட்டோம். அடுத்த கோடையில் சுவரின் மீது கரையானின் மண்கோடு ஓடக் கண்ட பின்னரே ஏணி வைத்து ஏறினோம்.

பழுதுபட்ட மின்விசிறி ஒன்று, இனிப்புக் கடைகளின் பிளாஸ்டிக் டப்பாக்கள் நாற்பதுக்கு மேல், கழிந்த ஆண்டுகளின் நாள்காட்டிகள், திருமண அழைப்பிதழ்கள், என்றோ வாங்கிய பொருள்களின் வெற்று அட்டைப்பெட்டிகள் ஆகியன அங்கே இருந்தன. அவற்றுக்கெல்லாம் அடியில், எம் தந்தையார் தாம் நோற்ற நோன்புகளையும் ஊர் ஜினாலயத்தின் பூசை முறைகளையும் பல ஆண்டுகளாகத் தம் கைப்பட எழுதி வந்த குறிப்பேடு இருந்தது. மேலட்டை மட்டுமே எஞ்சியிருந்தது. உள்ளே மண்ணும் கரையானுமே இருந்தன. அதனைக் கையில் வாங்கிப் பார்த்த எம் தாயார், "உங்கப்பா எழுதினதை டப்பாவுக்கு அடியிலே வச்சிட்டீங்களேடா!" என்றார். வேறொன்றும் அவர் கூறவில்லை.

அன்று பரணைத் தூய்மை செய்கையில் மாண்ட உயிர்கள் எத்தனை ஆயிரம் என்று எண்ண இயலாது. மாலையில் விளக்கேற்றும் முன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகி, மெல்லிய துடைப்பத்தால் தரையைப் பெருக்கும் வீட்டில் இது நேர்ந்தது. குறிப்பேடும் போயிற்று, கொல்லாமையும் பழுதுபட்டது. இவ்விரண்டுக்கும் காரணம் இடமின்மை அன்று. வேண்டாத பொருள்களுக்கு நல்ல இடத்தைக் கொடுத்துவிட்டு, வேண்டிய பொருளை அவற்றின் அடியில் மறந்தமையே காரணம். இதனை உணர்ந்த பின்னர் எம் வீட்டில் மேற்கொண்டவற்றையே கீழே எழுதுகின்றோம்.

2. பொருள் வரைதல் என்பது யாது?

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது பரிக்கிரகப் பரிமாணம். இதனை மிகுபொருள் விரும்பாமை என்றும் பொருள் வரைதல் என்றும் தமிழில் வழங்குவர். புறப்பற்றுக்குரிய பொருள்களைப் பத்து வகையாகப் பகுத்து நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண்டிர், பணியாளர், ஆடை, பாண்டம் என எண்ணுவர். வீடும் அப்பத்தினுள் ஒன்று. அவ்வீட்டினுள் வைக்கும் தானியமும் ஆடையும் பாண்டமும் தனித்தனியே எண்ணப்படுகின்றன என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வீட்டுக்கு அளவு கொண்டால் போதாது. அதனுள் நிரப்புவனவற்றுக்கும் அளவு வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்குரிய ஐந்து குற்றங்களைக் கூறுகின்றார். அளவிறந்து சேர்த்து வைத்தல் அவற்றுள் ஒன்று. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல் மற்றொன்று. சுமை சுமக்கும் விலங்கை மனத்துட்கொண்டு கூறப்பட்டது பின்னது. எனினும் பரணின் பலகையையும் அலமாரியின் தட்டையும் நோக்குங்கால் அச்சொல் நமக்கும் நினைவுக்கு வருதல் வேண்டும்.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹேமசந்திரர் யோகசாத்திரத்தில் இவ்விரதத்தினின்று வழுவும் வகைகளுள் ஒன்றாக இணைத்தலைக் குறிக்கின்றார். இத்தனை வீடுகளே வைத்திருப்பேன் என்று உறுதி பூண்ட ஒருவர், இரண்டு வீடுகளின் இடைச்சுவரை நீக்கி அவற்றை ஒன்றென எண்ணிக்கொள்வது அதற்கு எடுத்துக்காட்டு. எண்ணிக்கை குறையவில்லை; ஆசை பெருகிற்று. அலமாரி நிறைந்தவுடன் பிளாஸ்டிக் கூடையொன்று வாங்கி அதன்மேல் வைக்கும் நாமும் அவ்விடைச்சுவரையே நீக்குகின்றோம்.

ஆதலின் சிறிய வீட்டாருக்கு ஒரு நன்மை உண்டு. பெரிய வீட்டார் தம் எல்லையைத் தாமே வகுத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அதனைச் சுவரே வகுத்துத் தந்துள்ளது.

3. முன்னோர் வீட்டில் காணும் நுட்பம்

நம் ஊர் வீடுகளில் இடம் மிகுதியாக இருந்தமையால் பொருள் அடங்கிற்று என்று எண்ணுகின்றோம். சற்று உற்று நோக்கினால், அங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய இடம் வகுக்கப்பட்டிருந்தமை விளங்கும். தடித்த மண்சுவரில் மாடக்குழி அமைத்து விளக்கும் தீப்பெட்டியும் வைத்தனர். சுவரின் பருமனே அங்கு அலமாரியாயிற்று. பாலும் நெய்யும் உறியில் தொங்கின. எறும்பும் பூனையும் எட்டா. பெரியதன்மேல் சிறியதாக அடுக்கிய அடுக்குப்பானைகளில் பருப்பும் புளியும் வித்தும் இருந்தன. ஒரு பானை நிற்கும் தரையில் ஐந்தாறு பானைகள் நின்றன. நெல்லுக்குக் குதிரும் தொம்பையும், துணிக்கு மூங்கிற் கொடியும், அரிவாளுக்குக் கூரையின் இறவாணமும், ஆண்டுக்கொருமுறை எடுக்கும் பெரிய பாத்திரங்களுக்குப் பரணும் அமைந்தன.

சுவரைப் பயன்கொள்ளல், தொங்கவிடல், அடுக்கல், உயரத்தைப் பயன்கொள்ளல் என்னும் இந்நான்குமே இன்றைய சிறிய வீட்டுக்கும் வழிகளாம். ஒன்று மட்டும் மாறியுள்ளது. அன்று பரணில் இருந்தது இன்னதென்று வீட்டார் அனைவரும் அறிந்திருந்தனர். இன்று நாம் அறியோம்.

4. முதற்பணி: எண்ணுதல்

இடம் தேடும் முன் பொருளை எண்ணுதல் வேண்டும். ஒரே நாளில் வீடு முழுவதையும் கலைப்பது ஆகாது. களைப்பு மிகுந்து, கலைத்ததை மீண்டும் அப்படியே திணிப்போம். ஒரு நாளைக்கு ஓர் அலமாரித் தட்டு அல்லது ஓர் இழுப்பறை போதும். அதில் உள்ளவற்றை வெளியில் எடுத்து நான்கு பகுதியாக்குக:

(அ) நாள்தோறும் அல்லது வாரந்தோறும் பயன்படுவன.
(ஆ) விழா, நோன்பு, பருவம் ஆகியவற்றுக்கு ஆண்டில் ஒரு முறையேனும் பயன்படுவன.
(இ) நல்ல நிலையில் உள்ளன. ஆயினும் நமக்குப் பயன்படாதன.
(ஈ) பழுதுபட்டன.

முதல் இரண்டுக்கு மட்டுமே வீட்டில் இடம். "என்றேனும் உதவும்" என்று தோன்றும் பொருள்களைத் தனியே ஒரு பெட்டியில் இட்டு, அன்றைய நாளை எழுதி ஒட்டுக. அடுத்த ஆண்டு அந்நாள்வரை அப்பெட்டியில் தேட வேண்டிய தேவை எழவில்லையெனில் அதிலுள்ளவை மூன்றாம் பகுதியைச் சேர்ந்தன என்று கொள்க. இவ்வாறு செய்தபோது எம் வீட்டில் புதிய அலமாரி எதுவும் வாங்காமலே சமையலறைப் பரணின் பெரும்பகுதி வெற்றிடமாயிற்று.

5. இடம் காணும் முறைகள்

உயரம்: தரையிலிருந்து 2 அடி முதல் 5 அடி வரையுள்ள இடம் குனியாமலும் எக்காமலும் கைக்கு எட்டும் இடமாகும். நாள்தோறும் வேண்டுவன யாவும் இங்கேயே இருத்தல் வேண்டும். அதற்குக் கீழ் எடை மிகுந்தனவும், அதற்கு மேல் எடை குறைந்தனவும் வைக்க. கனத்த பாத்திரத்தை மேலே வைத்தல், எடுப்பார்க்கும் கீழே நிற்பார்க்கும் இடர் தரும்.

ஆழம்: இடம் வீணாவதற்குப் பெருங்காரணம் பொருளின் அளவுக்கு மிஞ்சிய ஆழமே. மடித்த துணிக்கு 15 அங்குலம், நூல்களுக்கு 10 அங்குலம், சமையலறை டப்பாக்களுக்கு 8 அங்குலம் ஆழம் போதும். சட்டைகளைத் தொங்கவிட மட்டுமே 2 அடி ஆழம் வேண்டும். ஏற்கெனவே ஆழமாக அமைந்த தட்டாயின், பின்புறத்தில் 4 அங்குல உயரப் பலகையொன்றைப் படிபோல் இடுக. பின்வரிசையிலுள்ளவை முன்வரிசைக்கு மேலே தெரியும். கண்ணுக்குத் தெரியாத பொருளை மீண்டும் வாங்குவோம். ஒரு பொருள் இரண்டாவது இவ்வாறே.

கதவும் சுவரும்: அறைக்கதவின் பின்புறம், குளியலறைக் கதவின் பின்புறம், சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஆகியவற்றில் கொக்கிகள் பொருத்தலாம். பைகள், குடை, கரண்டிகள், மூடிகள் ஆகியன அங்கே தொங்கும். பாத்திர மூடிகளைப் படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வைத்தால் ஒரு தட்டில் பாதி இடம் மீளும். சுவரில் குழி அமைக்க விரும்புவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அறைகளுக்கு இடைப்பட்ட செங்கற்சுவர் பெரும்பாலும் 4½ அங்குலப் பருமனே உடையது. அதனைக் குடைதல் ஆகாது. தூணையும் உத்திரத்தையும் ஒருபோதும் தொடலாகாது. சுவரின் மேல் பலகை பொருத்துவதே தக்கது.

கட்டிலின் கீழ்: இங்கே சக்கரமுள்ள தட்டையான பெட்டிகள் வைத்துக் கூடுதல் போர்வை, விருந்தினர்க்கான பாய், தலையணை உறைகள் ஆகியவற்றை வைக்கலாம். பெட்டியை வாரம் ஒருமுறை வெளியே இழுத்துத் தரையைப் பெருக்குதல் வேண்டும். இழுக்க இயலாத அளவு நிரப்பினால், அது பூச்சிகளுக்கு நாமே கட்டிக்கொடுத்த வீடாகும்.

பரண்: இங்கே (ஆ) பகுதியைச் சேர்ந்த பொருள்கள் மட்டுமே இருத்தல் வேண்டும். அட்டைப்பெட்டியும் தாளும் கரையானுக்கு உணவாதலால் மூடியுள்ள தகர அல்லது பிளாஸ்டிக் பெட்டிகளே ஏற்றன. அவற்றைப் பின்சுவரில் ஒட்டாமல் இரண்டு அங்குலம் தள்ளி வைக்க. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளதை எழுதி முகப்பில் ஒட்டுக. அதே பட்டியலின் படியொன்றை அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுக. மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஏறிப் பார்த்தல் இன்றியமையாதது. முதியோர் தனித்திருக்கையில் ஏணி ஏற நேராதவாறு, அவர்க்கு வேண்டுவன எவையும் பரணில் வைத்தல் ஆகாது.

6. சமையலறை

ஒரு கிலோ அரிசிக்கும் பருப்புக்கும் ஏறத்தாழ 1¼ லிட்டர் கொள்ளளவு வேண்டும். மாவுக்கு ஏறத்தாழ 2 லிட்டர். திங்களுக்கு 20 கிலோ அரிசி செலவாகும் வீட்டுக்கு 25 லிட்டர்க் கலம் ஒன்று போதும். இவ்வாறு கணக்கிட்டுக் கலம் வாங்கினால், கலத்தின் அளவே சேமிப்பின் அளவாகும். கலம் நிறைந்தபின் வாங்குதல் இல்லை.

மாவைப் பொறுத்தவரை நம் மரபே வழி வகுத்துள்ளது. அரைத்த மாவை மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள் வரையே பயன்படுத்தலாம் என்பது திகம்பர மரபில் வழங்கும் வரையறை. ஈரப்பதம் மிகுந்த காலத்தில் சிற்றுயிர்கள் விரைந்து தோன்றுவதால் நாள் குறைக்கப்பட்டது. இதனைக் கடைப்பிடிக்கும் இல்லத்தில் 10 கிலோ மாவு மூட்டைக்கு வேலையில்லை. சிறு டப்பாவே போதும். விரதமே இடத்தை மிச்சப்படுத்துவதைக் காண்க.

பருப்பையும் தானியத்தையும் வெயிலில் நன்கு உலர்த்தி, ஆறவைத்து, ஈரமற்ற கலத்தில் இட்டு, உலர்ந்த வேப்பிலையோ வசம்புத் துண்டோ சேர்த்து வைப்பது நம் பாட்டியர் கண்ட முறை. பூச்சி வந்தபின் கொல்வதினும் வாராமல் காப்பதே அறம். புதிதாக வாங்கியதைப் பழையதன்மேல் கொட்டாதீர். பழையது தீர்ந்து, கலத்தைக் கழுவி உலர்த்திய பின்னரே புதியதை இடுக. கண்ணாடி போன்று உள்ளிருப்பது தெரியும் கலங்கள் இதற்கு மிகவும் ஏற்றன.

நீர் வடிகட்டும் துணிக்குத் தனியாக ஒரு கொக்கி வேண்டும். பிடிதுணிகளோடு அது கலத்தல் ஆகாது.

7. துணியும் ஏடும்

துணி அலமாரியில் அடுக்கின் உயரம் ஓரடிக்கு மிகுந்தால் சரியும், அடியிலுள்ளது மறக்கப்படும். மடித்த துணிகளைப் புத்தகங்கள்போல் நிறுத்தி வைத்தால் ஒன்றை எடுக்கையில் மற்றவை கலையா. அந்துருண்டைக்குப் பதிலாக உலர்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டி வைக்க.

வீட்டுப் பத்திரம், குடும்ப அட்டை, சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத ஒரே உறையில், தரையிலிருந்து 3 அடிக்கு மேல் வைத்தல் நலம். 2015 வெள்ளத்தில் தரைத்தளத்தில் வாழ்ந்த பலர் இப்பாடத்தைத் துயரோடு கற்றனர்.

கையெழுத்து ஏடுகளையும் நூல்களையும் பற்றிச் சிறிது கூறுவோம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டு பதிப்பித்தார். அதற்குமுன் அவர் ஐயம் தெளிய நாடியது கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை. அங்கே அந்நூல் பரணில் உறங்கவில்லை. வீட்டார் கூடிப் படிக்கும் நூலாய் இருந்தது. சந்திரநாதச் செட்டியார் போன்றோர் அவர்க்கு ஐயம் அகற்றினர். நாள்தோறும் கைபட்ட ஏட்டைக் கரையான் அணுகாது. எனவே பெரியோர் எழுதிய குறிப்பேடுகளைக் கூடத்தில், கண்ணெதிரே வைக்க. ஆண்டுக்கொருமுறையேனும் பிள்ளைகளோடு அமர்ந்து படிக்க. படியெடுத்து உடன்பிறந்தார் வீடுகளிலும் வைக்க. எம் தந்தையாரின் ஏட்டுக்கு நாம் இவற்றுள் ஒன்றையும் செய்திலேம்.

8. பார்த்து எடுத்தல், பார்த்து வைத்தல்

துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிட்சேபண சமிதி என்பது ஒன்று. எப்பொருளையும் எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கே உயிர் உளதா என்று நோக்கி, மயிற்பீலியால் மெல்ல விலக்கி, அதன்பின் எடுத்தலும் வைத்தலும் இதன் இலக்கணம். இல்லறத்தார் நோன்பு நாளிலேனும் பாராமலும் துடையாமலும் பொருள்களை எடுத்தல் குற்றமென நூல்கள் கூறும்.

நெருக்கித் திணித்த அலமாரியில் இதனைச் செய்தல் இயலாது. பார்க்க இடைவெளி வேண்டும். துடைக்கக் கை நுழைய வேண்டும். ஆதலின் ஒவ்வொரு தட்டிலும் நான்கில் ஒரு பங்கை வெற்றிடமாகவே விடுக. அவ்வெற்றிடம் வீணன்று. அங்கேதான் நம் கை அசைகின்றது. அங்கேதான் சிற்றுயிர் தப்புகின்றது.

9. மிகுந்ததைக் கொடுத்தல்

மூன்றாம் பகுதியாகப் பிரித்தவற்றை உடனே உரியவர்க்குச் சேர்த்தல் வேண்டும். உணவு, மருந்து, நூல், அபயம் என நால்வகைத் தானம் கூறுவர். மிகுந்த தானியத்தைப் புழு வருமுன் கொடுக்க. நூல்களை ஊர் நூலகத்துக்கோ படிக்கும் மாணவர்க்கோ கொடுக்க. மருந்தாயின் மருத்துவர் கையில் மட்டுமே, காலம் கடவாததை மட்டுமே கொடுக்க. பூச்சி சேராத வீடே சிற்றுயிர்க்கு அளிக்கும் அபயம். பழுதுபட்டதைத் தானமென்று தருதல் தகாது. அதனைப் பழைய பொருள் வாங்குவோரிடம் பழுதென்றே சொல்லிக் கொடுக்க. போகியன்று தெருவில் எரித்தல் காற்றுக்கும் உயிர்க்கும் கேடு.

தசலட்சண பருவத்தில் எட்டாம் நாள் உத்தம தியாகம், ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்னியம். அப்பருவத்துக்கு முன்னதாக நாளொன்றுக்கு ஒரு தட்டு வீதம் எண்ணத் தொடங்கினால், எட்டாம் நாள் கொடுப்பதற்கு நம் கையில் ஏதேனும் இருக்கும்.

10. தொகுப்புரை

இடத்தைப் பெருக்குதல் நம் கையில் இல்லை. பொருளை வரையறுத்தல் நம் கையில் உள்ளது. முதலில் எண்ணுக, பின்னர்ப் பகுக்க, அதன்பின் இடம் வகுக்க. தட்டு நிறைந்த பின் ஒன்று வெளியே சென்றாலன்றி மற்றொன்று உள்ளே வாராது என்பதை வீட்டார் அனைவரும் கூடி உறுதி கொள்க. எம் வீட்டுப் பரணில் இன்று நான்கு பெட்டிகளே உள்ளன. தந்தையாரின் குறிப்பேட்டில் எஞ்சிய மேலட்டை கூடத்து அலமாரியில், கண்ணுக்கு நேரே உள்ளது. அதனருகில் எம் தாயார் தம் நினைவில் உள்ள நோன்பு முறைகளைச் சொல்லச் சொல்ல எம் பிள்ளைகள் எழுதிவரும் புதிய ஏடு இருக்கின்றது.

பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பரணில் உள்ளவற்றை ஏறிப் பாராமல் தாளில் எழுதுக. பின்னர் ஏறிப் பார்த்து ஒப்பிடுக.
2. ஒரே வகைப் பொருள் இரண்டுக்கு மேல் உள்ளவை எவை? மற்றொன்று வாங்கியதன் காரணம் யாது?
3. உங்கள் இல்லத்துப் பெரியோர் கைப்பட எழுதியவை எங்கே உள்ளன? இறுதியாக அவற்றைத் திறந்தது எப்போது?
4. இவ்வாண்டு உங்கள் இல்லம் மேற்கொள்ளத்தக்க பொருள் வரையறை ஒன்றை வீட்டாருடன் கலந்து எழுதுக.

அறம் வளர்க!